நவம்பர் 1-உம் 'வந்துபோகும் மக்களும்'

இன்று நவம்பர் 1. இந்திய நாட்காட்டியில் இந்நாளைவிட அதிகப் பிறந்தநாள்கள் நெருக்கியடிக்கும் தேதி வேறொன்று இருப்பது ஐயமே. 1956-ஆம் ஆண்டு இதே நாளில் மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய வரைபடம் கலைக்கப்பட்டு 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளும் அமைந்தன. கன்னடர்களுக்கு இன்று ராஜ்யோத்சவம். மலையாளிகளுக்குக் கேரளப்பிறவி. கன்னியாகுமரி மாவட்டத்தாருக்குத் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் பிறந்தநாள் குறித்த ஐயம் தீர நெடுங்காலம் ஆயிற்று. 2019-இல் அரசு நவம்பர் 1-ஐத் 'தமிழ்நாடு நாள்' என அறிவித்தது. 2021-இல் அடுத்த அரசு அதனை ஜூலை 18-க்கு மாற்றியது. பெயர்மாற்றத் தீர்மானம் 1967-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள் அது. பள்ளிச் சேர்க்கைக்காகப் பிறந்த தேதி திருத்தப்பட்டவர்கள் நிறைந்த நம் சமூகத்தில் மாநிலத்துக்கும் அது நேர்ந்ததில் வியப்பில்லை.

'கேரளப்பிறவி வாழ்த்துகள்' என்ற தொடரும் தமிழ்ச் செவியில் சற்று விசித்திரமாக ஒலிப்பது. மலையாளத்தில் 'பிறவி' என்பது பிறப்பு, மகிழ்ச்சியான செய்தி. தமிழிலோ அச்சொல்லைக் கேட்டதும் அதிலிருந்து விடுதலை பெறும் வழியையே மனம் தேடுகிறது. நம் பக்தி இலக்கியம் அந்தச் சொல்லைப் படுத்தியிருக்கும் பாடு அப்படி. பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழர்கள் இந்த இரு பொருள்களுக்கும் நடுவில்தான் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நவம்பர் 1-ஐக் கடந்து வருகிறார்கள். இன்றைய பதிவு அவர்களைப் பற்றியது.

1956 அக்டோபர் 31 அன்றைய எல்லையை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அன்று பாலக்காடு நகரம் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூரும் அதே மாநிலம். ஆனால் பாலக்காட்டிலிருந்து சிறு தொலைவிலுள்ள சித்தூர் பழைய கொச்சி அரசின் பகுதி என்பதால் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூர்க்காரர் பாலக்காட்டுச் சந்தைக்குப் போக மாநில எல்லையைக் கடந்தார். பாலக்காட்டுக்காரர் கோவைக்குப் போக எந்த எல்லையையும் கடக்கவில்லை. மறுநாள் காலை இந்த நிலை தலைகீழாயிற்று. தெற்கே, மலைமேல், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நேரே கேரளத்துக்குள் சென்றன. (பாலக்காடு மாவட்டம் 1957 ஜனவரி 1-இலும் இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-இலும் உருவாக்கப்பட்டன. இரண்டின் பிறந்தநாளும் தனியே கொண்டாட வழியில்லாத நாள்கள்.)

மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரியது. 1954 தேர்தலில் அக்கட்சி 12 இடங்களில் வென்றது. அதே ஆண்டு மூணாறில் தடையை மீறிய நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பசல் அலி, குன்சுரு, கே. எம். பணிக்கர் ஆகிய மூவர் ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை அளித்தது. தெற்கிலுள்ள நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு எனப் பரிந்துரைக்கப்பட்டன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் நான்கும் கேரளத்துக்கு.

இந்த முடிவைப் பற்றிக் காமராசர் சொன்னதாக இன்றும் மேடைகளில் வழங்கும் ஒரு வாசகம் உண்டு: குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது. அதைச் சிலர் பெருந்தன்மை என்பர். சிலர் துரோகம் என்பர். மொழியியல் படித்தவளுக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. குளம், மேடு என்ற இரு சொற்களும் மலையாளத்திலும் ஏறக்குறைய இதே பொருளில் உள்ளவை. அந்தச் சிலேடையை அப்படியே திருவனந்தபுரத்தில் சொன்னாலும் சிரிப்பார்கள். ஊர்ப்பெயரைச் சான்றாகக் காட்டி எல்லை கேட்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

மூணாறு என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுமிடம். எழுத்துத் தமிழின் 'மூன்று' பேச்சுத் தமிழில் 'மூணு' ஆகும். மலையாளத்தில் 'மூந்நு' என எழுதி, நுனிநாவால் 'மூன்னு' என ஒலிப்பர். பழைய 'ன்ற' என்ற மெய்மயக்கம் மலையின் ஒரு பக்கம் 'ண' ஆகவும் மறுபக்கம் இரட்டை 'ன' ஆகவும் உருண்டது. 'மூணாறு', 'மூன்னார்' என்ற இரு வடிவங்களுள் எது அசல் என்ற கேள்விக்கு விடை கிடையாது. ஒரே தாய்க்குப் பிறந்த இருவரில் யாருக்குத் தாயின் முகம் என்று கேட்பது போன்றது அது.

சித்தூரின் கதை இன்னும் சுவையானது. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாக மரபு சொல்லும் இடம் சித்தூர்தான். சோகநாசினி ஆற்றங்கரையில் அவருடைய மடம் இன்றும் உள்ளது. தமிழகத்தோடு இணைக்கக் கோரப்பட்ட தாலுகாவில் மலையாளத்தின் தந்தை துயில்கிறார். அங்கிருந்து சில கல் தொலைவில் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வியாபாரம் தமிழில் நடக்கிறது. அங்கே 'வெள்ளம்' கேட்டால் குடிக்கத் தண்ணீர் தருவார்கள். பெருக்கெடுத்து வருமோ என்று யாரும் அஞ்சுவதில்லை. மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய் என்று தெரிந்தும் ஊர்ப்பெயர் 'பட்டி' என முடியும் உறவினர் வீட்டுக்குக் கூச்சமின்றிப் போய் வருகிறார்கள். எல்லைப்புற மக்கள் இரு மொழிகளின் பொறிகளையும் தெரிந்துவைத்திருப்பவர்கள். சொற்களால் அவர்களுக்குச் சிக்கல் எழுவது குறைவு. எண்ணிக்கையால்தான் எழுந்தது.

தேவிகுளம் தாலுகாவில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பதை அன்று எவரும் மறுக்கவில்லை. மறுக்கப்பட்டது அந்தப் பெரும்பான்மையின் தன்மை. அவர்களில் மிகப் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், நிலையாகக் குடியமர்ந்தவர்கள் அல்லர், வந்துபோகும் மக்கள், ஆகவே அவர்கள் தலையெண்ணிக்கையை வைத்து எல்லை வகுக்கலாகாது என்பதே வாதம். மலைவளமும் நீர்மின்சாரமும் புதிய மாநிலத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதவை என்பது உடன்வந்த வாதம். இரண்டாவது வாதம் ஒளிவுமறைவற்றது; ஏற்கலாம், மறுக்கலாம். 1940-இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையத்தை எந்த அரசுதான் விட்டுக்கொடுக்கும்? ஆராயப்பட வேண்டியது முதல் வாதம்.

முதலாவதாக, அம்மலைகளின் தமிழ் தேயிலையோடு வந்ததன்று. ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றது 1877-இல். அதற்கு நெடுங்காலம் முன்பே மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழ் பேசும் வேளாண்குடிகள் நெல் விளைவித்தனர். மதுரையிலிருந்து வந்ததாகத் தம் மரபுக் கதைகளில் சொல்லும் முதுவர்கள் மலை முழுதும் பரவி வாழ்ந்தனர். இவர்கள் தொகையில் சிறியோர். எனினும் 'வந்துபோகும்' என்ற அடைமொழி இவர்களுக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

இரண்டாவதாக, தோட்டத் தொழிலாளர் ஏன் 'வந்துபோகிறவர்' ஆனார்? அவர் குடியிருந்த லயம் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை உள்ளவரை அறை. வேலை முடிந்தால் வெளியேற வேண்டும். ஆண்டுகள் முப்பது ஆனாலும் ஒரு சென்ட் நிலமும் அவர் பெயரில் சேராது. இதே 1950-களின் நடுவில் பட்டம் தாணுப்பிள்ளை அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தின்கீழ் சமவெளி மலையாளி உழவர் குடும்பங்களுக்கு இம்மலைகளில் நிலம் வழங்கியது. கல்லாறு அருகிலுள்ள பட்டம் காலனி அதன் எச்சம். அவ்வுழவர்களைக் குறைசொல்ல ஏதுமில்லை. உணவுப் பஞ்சக் காலத்தில் காட்டோடும் யானையோடும் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குமுன் ஏறியவர் 'குடியேறியவர்' ஆகவும் மூன்று தலைமுறைக்குமுன் ஏறியவர் 'வந்துபோகிறவர்' ஆகவும் பதிவான விந்தைக்குக் காரணம் மொழியன்று, நிலப்பட்டா. பட்டா உள்ளவரின் மொழி மண்ணின் மொழியாயிற்று. லயத்தில் இருந்தவரின் மொழி மூட்டையோடு வந்த மொழியாயிற்று.

இந்த வகைப்பாட்டைச் சற்றே கேலிக்கு உள்ளாக்கியது மூன்றே ஆண்டுகளில் வந்த ஓர் இடைத்தேர்தல். 1957-இல் 126 இடங்களில் கம்யூனிஸ்ட்டுகள் 60, ஆதரவு பெற்ற சுயேச்சைகள் 5 என்ற மெல்லிய பெரும்பான்மையில் ஈ. எம். எஸ். அரசு அமைந்தது. தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி தேர்தல் வழக்கில் செல்லாதெனத் தீர்ப்பாகி, 1958-இல் அங்கே மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது. ஒவ்வோர் இடமும் உயிர்நாடியாக இருந்த நேரம். மலையாள மேடைப்பேச்சு தோட்டங்களில் எடுபடாது என்று உணர்ந்த கட்சி, மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனை வரவழைத்தது. ஆர்மோனியத்தோடு தமிழ்ப்பாட்டு எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறியது. உடன் சென்ற பதின்வயதுத் தம்பியைப் பின்னர் உலகம் இளையராஜா என அறிந்தது. ரோசம்மா மீண்டும் வென்றார். எல்லை வகுக்க எண்ணப்படாத தலைகள், அரசைத் தாங்க எண்ணப்பட்டன.

நவம்பர் 1-இன் இன்னொரு பிறந்தநாளைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். அரசியலமைப்பின் ஏழாவது திருத்தமும் 1956-இல் இதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிப் பிறந்தவை 350அ, 350ஆ பிரிவுகள். முதலாவது, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. இரண்டாவது, அதனைக் கண்காணிக்கத் தனி அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. ஒரே நள்ளிரவில் இலட்சக்கணக்கானோர் இருந்த இடத்திலேயே சிறுபான்மையினர் ஆனார்கள். அதே நள்ளிரவில் அவர்களுக்கான பிரிவும் பிறந்தது. நோயும் மருந்தும் ஒரே தேதியில் பிறந்த நிகழ்ச்சி இது.

மருந்தின் அளவு எப்படி? மாநிலத்தில் சிறுபான்மையான மொழி ஒரு மாவட்டத்தில் 70 விழுக்காட்டினரின் மொழியாக இருந்தால் அங்கே அதுவே ஆட்சிமொழியாகலாம் என்பது அன்றைய பரிந்துரை. கணக்கின் அலகு மாவட்டம், தாலுகா அன்று. தேவிகுளமும் சித்தூரும் எந்த மாவட்டக் கூட்டலிலும் கரைந்துவிடும். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இதைவிடத் தாராளமானது என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், தாம் மிகுந்துள்ள பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம்; விடையும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது அச்சட்டம். களப்பணியில் நான் சந்தித்தவர்களுள் இந்த உரிமையை அறிந்தவர் மிகச் சிலர். பயன்படுத்தியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்து 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். அவர்கள் இயக்கத்தின் பெயர் 'பெம்பிளை ஒருமை'. தமிழில் 'ஐ' என முடியும் சொற்கள் மலையாளத்தில் 'அ' என முடியும்: மலை, மல, தலை, தல. எனவே மலையாளத்தில் அது 'ஒரும' ஆகியிருக்க வேண்டும். ஆனால் மலையாள நாளிதழ்கள் அந்த 'ஐ'யைத் திருத்தாமல் மலையாள எழுத்தில் அப்படியே அச்சிட்டன. அஞ்சல் வழி விண்ணப்பங்களால் இயலாததை ஒரு விகுதி தலைப்புச் செய்தியாக நின்று செய்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பலருக்குக் கயத்தாற்றுப் பக்கம் வேர். செய்திகளில் அவர்கள் 'தமிழகத் தொழிலாளர்கள்' ஆனார்கள். அங்கேயே பிறந்த குழந்தைகளும் அந்த எழுபதில் இருந்தார்கள்.

மூணாற்றுப் பக்கம் ஒருவரிடம் 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால் பெரும்பாலும் தாம் வாழ்ந்தேயிராத ஒரு தென்மாவட்ட ஊரின் பெயரே விடையாக வருகிறது. வினாநிரலில் அதை 'பூர்வீகம்' என்ற கட்டத்தில் எழுதுகிறோம். 1955-இல் கேட்டவர்களும் இதே கேள்வியைக் கேட்டு, இதே விடையைப் பெற்று, அதை 'வந்துபோகும் மக்கள்' என்ற கட்டத்தில் எழுதியிருக்கக்கூடும். மொழிக் கணக்கெடுப்புக்கும் களஆய்வுக்கும் புறப்படும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: 'சொந்த ஊர்' கேட்டபின் 'வீடு யார் பெயரில்?' என்றும் கேளுங்கள். இரண்டாவது விடை இன்றி முதல் விடையைப் பொருள்கொள்ள முடியாது.

கேரளத்து நண்பர்களுக்குப் பிறவி வாழ்த்துகள். 350அ பிரிவுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகள். சித்தூர், மறையூர், பீர்மேடு பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் இருந்தால், எந்த ஆண்டுவரை, எந்த வகுப்புவரை அந்த வாய்ப்பு இருந்தது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலைத்தான் இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.