கடிவாளம், சேணம், அங்கவடி: குதிரை சவாரிக்குத் தயாரான கதை

"விலைவாசிக்குக் கடிவாளம் போட வேண்டும்" என்று செய்தித்தாள்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். "வாய்க்கு ஒரு கடிவாளம் வேண்டாமா?" என்று வீட்டில் பெரியவர்கள் அதட்டுவதும் உண்டு. குதிரையை ஒரு முறைகூடப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களும் பேச்சில் கடிவாளத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கடிவாளம் எப்போது வந்தது, சேணம் எப்போது வந்தது, காலை வைத்து ஏறும் அங்கவடி எப்போது வந்தது என்று கேட்டால், எல்லாம் குதிரையோடு ஒன்றாகவே வந்திருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மை அதுவல்ல. இந்த மூன்றுக்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது!

லாயத்தில் பத்து நிமிடம்

இன்று ஒரு குதிரையைச் சவாரிக்குத் தயார் செய்யும் முறையை முதலில் பார்ப்போம். பழக்கப்பட்டவர் குதிரையின் இடது பக்கமாக வந்து நிற்பார். முதுகையும் வயிற்றையும் நன்றாகத் துலக்கித் தூசியும் மணலும் இல்லாமல் சுத்தம் செய்வார். சேணத்துக்கு அடியில் ஒரு சிறு முள் சிக்கினாலும் போதும், முதுகு புண்ணாகிவிடும். பிறகு விரிப்பைக் கழுத்துப் பக்கமாகச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுப்பார். அப்போதுதான் முடி அதன் போக்கிலேயே படியும். அதன் மேல் சேணம். சேணத்தின் வாரை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து இறுக்குவார். பல குதிரைகள் வார் கட்டும்போது உடம்பை உப்பிக்கொள்ளும். அதனால் சில நிமிடம் கழித்து, ஏறுவதற்கு முன்னால், மறுபடியும் ஒரு முறை இறுக்க வேண்டும். மறந்துவிட்டால் ஏறும்போதே சேணம் சுழன்று, ஏறியவர் தரையில் கிடப்பார்.

பெரும்பாலான இடங்களில் கடிவாளம் கடைசியாகத்தான் வரும். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்கார வேண்டும். குதிரை வாயைத் திறக்க மறுத்தால், அந்த இடைவெளியில் கட்டைவிரலை வைத்தால் திறந்துவிடும். இயற்கையே கடிவாளத்துக்கென்று இடம் ஒதுக்கி வைத்ததுபோல் தோன்றுகிறது இல்லையா?

லாயத்தில் சேணம் முதலில், கடிவாளம் கடைசியில். வரலாற்றிலோ கடிவாளம் முதலில், சேணம் அடுத்து, அங்கவடி கடைசியில்.

முதலில் வந்தது கடிவாளம்

இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் முன்னோர்கள் வோல்கா, டான் நதிகளை ஒட்டிய புல்வெளிகளில் வாழ்ந்தவை என்றும், கி.மு. 2200 வாக்கில் அங்கிருந்து வேகமாகப் பரவத் தொடங்கின என்றும் 2021இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. மேற்காசியாவுக்கு வந்த குதிரைகள் பெரும்பாலும் தேரில்தான் பூட்டப்பட்டன. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியில் அங்கே வெண்கலக் கடிவாளங்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

தேர்க்குதிரைகளைப் பழக்குவது எப்படி என்று மித்தானி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவர் சொன்ன பாடம் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. துருக்கியில் உள்ள ஹத்தூசா என்ற பழைய ஹிட்டைட் தலைநகரில் அவை கண்டெடுக்கப்பட்டன. எந்த நாளில் எவ்வளவு ஓட்ட வேண்டும், எப்போது தண்ணீர் காட்ட வேண்டும் என்று பல மாதங்களுக்கான அட்டவணை அதில் இருக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது சுற்றுகள் என்பதற்கு அதில் வரும் சொற்கள் சமஸ்கிருத எண்களை ஒத்திருக்கின்றன என்பது இந்தியர்களுக்கு ஆச்சரியமான செய்தி.

தேரை விட்டுவிட்டுக் குதிரையின் முதுகிலேயே ஏறிப் போரிடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அசிரியச் சிற்பங்களில் இதைக் காணலாம். கி.மு. 9ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் குதிரை வீரர்கள் ஜோடி ஜோடியாகப் போகிறார்கள். ஒருவர் அம்பு எய்கிறார். பக்கத்தில் வருபவர் இரண்டு குதிரைகளின் வாரையும் பிடித்துக்கொள்கிறார்! கி.மு. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில்தான் தனி வீரன் தானே குதிரையை ஓட்டிக்கொண்டு அம்பும் எய்கிறான். இந்தத் திறமை வருவதற்கு அசிரியாவின் பெரிய படைக்கே இருநூறு ஆண்டுகள் ஆயின.

சேணம் இல்லாத குதிரைப் படை

கிரேக்கத் தளபதியும் எழுத்தாளருமான ஸெனோஃபன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். கடிவாளம் மாட்டுவதற்கு அவர் சொல்லும் முறை இன்றைய லாயத்து முறையேதான். இடது பக்கமாக வர வேண்டும், வாரைத் தலைக்கு மேல் போட வேண்டும், வலது கையால் தலைவாரை உயர்த்தி இடது கையால் இரும்பை வாயருகே கொண்டுபோக வேண்டும். கோபத்தோடு குதிரையிடம் போகவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார்.

ஆனால் அந்த நூலில் அங்கவடி கிடையாது. மரச்சட்டம் வைத்த சேணமும் கிடையாது. வெறும் முதுகில், அல்லது ஒரு துணியை விரித்து அதன் மேல்தான் கிரேக்கர்கள் உட்கார்ந்தார்கள். பிடரி மயிரைப் பிடித்தோ, ஈட்டியை ஊன்றியோ தாவி ஏறினார்கள்.

இதன் பலவீனம் ஸெனோஃபனுக்கு நன்றாகத் தெரியும். கி.மு. 401இல் பாரசீகத்தின் நடுவில் சிக்கிக்கொண்ட கிரேக்கக் கூலிப்படையிடம் குதிரைப் படை இல்லை. வீரர்கள் பயந்தார்கள். அப்போது அவர் அவர்களைத் தேற்றினார். குதிரை கடித்தோ உதைத்தோ போரில் யாரும் செத்ததில்லை, குதிரைமேல் இருப்பவன் எதிரிக்கு மட்டுமல்ல, கீழே விழுவதற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும், தரையில் நிற்பவனுக்கு அந்தக் கவலை இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். குதிரைக்குக் கடிவாளம் இருந்தது. ஆனால் மனிதனுக்குப் பிடிமானம் இல்லை!

முதுகுக்கு ஒரு மெத்தை

கிரேக்கத்தில் இல்லாத சேணம் கிழக்கே புல்வெளி மக்களிடம் இருந்தது. சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தின் கல்லறைகளில் பனிக்கட்டிக்குள் கெடாமல் இருந்த சேணங்களை ருஷ்ய அறிஞர் ருடென்கோ கண்டெடுத்தார். சீனாவின் துர்ஃபான் பகுதியில் யாங்ஹாய் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த தோல் சேணம் கி.மு. 724க்கும் 396க்கும் இடைப்பட்டது என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. வைக்கோலும் மான் முடியும் ஒட்டக முடியும் அடைத்த இரண்டு மெத்தைகளின் நடுவே இடைவெளி விட்டுத் தைத்திருக்கிறார்கள்.

அந்த இடைவெளிதான் முக்கியம். மனிதனின் எடை குதிரையின் முதுகெலும்பின் மேல் நேராக இறங்காமல் இரண்டு பக்கத் தசைகளுக்கும் பிரிந்து போகிறது. கடிவாளம் குதிரையை அடக்குவதற்காக வந்தது. சேணமோ குதிரையின் வலியைப் புரிந்துகொண்டதால் வந்தது.

கடைசியில் வந்த எளிய பொருள்

அங்கவடி என்பது வாரில் தொங்கும் ஒரு வளையம். இதை யோசிக்க இவ்வளவு காலமா? யோசிக்காமல் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய சாஞ்சி சிற்பங்களில் கால் விரலையோ பாதத்தையோ செருகிக்கொள்ளும் கயிறு போன்ற அமைப்பு தெரிகிறது என்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். வெறுங்காலோடு சவாரி செய்யும் வெப்ப நாட்டுக்கு அது சரி. தடித்த காலணி அணியும் குளிர் நாட்டுக்கு ஒத்துவராது. இன்னொரு ஆபத்தும் உண்டு. கீழே விழுந்தால் கால் கயிற்றில் மாட்டிக்கொள்ளும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஆகவே கால் எளிதில் கழன்று வரும்படி விறைப்பான வளையம் வேண்டும். அதில் ஒருவர் எழுந்து நின்றால் முழு எடையும் வார் கட்டிய இடத்தில் இறங்கும். மெத்தைச் சேணம் அதைத் தாங்காது. குதிரையின் முதுகைத்தான் நசுக்கும். எடையைப் பரப்ப மரச்சட்டம் வைத்த சேணம் தேவை. மங்கோலியாவில் ஒரு குகைக் கல்லறையில் கிடைத்து, 2023இல் ஆய்வு வெளியான பிர்ச் மரச் சேணம் ஏறத்தாழ கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீனாவின் சாங்ஷாவில் கி.பி. 302ஆம் ஆண்டுக் கல்லறையில் இருந்த மண் பொம்மைக் குதிரையில் இடது பக்கம் மட்டும் ஓர் அங்கவடி இருக்கிறது. அது ஏறுவதற்கு மட்டும்தான். கி.பி. 415இல் இறந்த ஃபெங் சுஃபுவின் கல்லறையில் இரண்டும் ஜோடியாகக் கிடைத்தன. ஒன்றிலிருந்து இரண்டாவது அங்கவடிக்கு வருவதற்கே ஒரு நூற்றாண்டு!

6ஆம் நூற்றாண்டில் அவார் மக்கள் வழியாக அங்கவடி ஐரோப்பாவை எட்டியது. பைசாந்தியப் பேரரசர் மாரீஸ் (ஆட்சிக் காலம் 582–602) எழுதியதாகச் சொல்லப்படும் போர் நூல், சேணத்தில் இரண்டு இரும்பு அங்கவடிகள் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவ முறைக்கே அங்கவடிதான் காரணம் என்று லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் 1962இல் எழுதினார். 8ஆம் நூற்றாண்டு ஃபிராங்க் கல்லறைகளில் அங்கவடிகள் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன என்று காட்டிப் பிற அறிஞர்கள் அதை மறுத்தார்கள். ஒரு பொருள் மட்டுமே ஒரு சமுதாயத்தை மாற்றிவிடாது என்பதே அவர்கள் வாதம்.

பொருள் மட்டும் போதுமா?

போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்தன. பெரும் பொருள் கொடுத்து வாங்கிய அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை விரைவிலேயே இறந்துபோயின என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் இங்கே இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அப்படிப்பட்டவர்கள் இங்கு வராமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்! சரக்கை விற்றவர்கள் அதைக் காப்பாற்றும் அறிவை விற்கவில்லை. நட்டம் பாண்டியர் கருவூலத்துக்கு. உயிர் போனது குதிரைக்கு.

மெரினா கடற்கரையில் சவாரிக் குதிரை ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் சற்று நின்று கவனிக்கலாம். வாயில் இருப்பது தேர் காலத்துப் பொருள். முதுகில் இருப்பது புல்வெளி மக்கள் கண்டது. பக்கத்தில் தொங்கும் வளையம் மூன்றிலும் இளையது. இவ்வளவும் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வார் உரசும் இடத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதே நல்லது. அந்தக் குதிரைக்காரருக்குத் தொழில் தெரியுமா என்பது அதில் தெரிந்துவிடும்.