கிர்ச் சிங்கமும் வேராவல் சுறாவும்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் வாழும் தமிழன்பர்களுள் அரசாங்க உத்தியோகத்தில் உள்ளவர் பலர். அவர்கள் கைப்படும் கடிதங்களின் தலைப்பில் அசோகச் சிங்கங்கள் வீற்றிருக்கின்றன. 1950 ஜனவரி 26ஆம் நாள் முதல் அதுவே நம் நாட்டின் முத்திரை. ஆனால் அச்சிங்கம் காட்டில் தன்னிச்சையாய் உலவும் பகுதி சௌராஷ்டிரம் ஒன்றே. அப்பகுதியின் கடலிலேயே திமிங்கலச் சுறாவும் வேட்டைக்கு இரையாகி, பின்னர் அபயம் பெற்றது. இவ்விரண்டின் வரலாற்றையும் சிறிது ஒப்புநோக்குவோம்.

ஒரு காலத்தில் சிரியா தொடங்கிப் பாரசீகம் வழியாகப் பீகார் வரையில் சிங்கங்கள் வாழ்ந்தன. மொகலாய மன்னர்கள் வட இந்தியச் சமவெளியில் அவற்றை வேட்டையாடினர். துப்பாக்கி பெருகிய 19ஆம் நூற்றாண்டில் அவை ஊர்தோறும் மறைந்தன. அந்நூற்றாண்டின் முடிவில் ஜூனாகத் சமஸ்தானத்துக் கிர்க் காடே எஞ்சியது. நவாபுகள் வேட்டையைத் தடுத்தனர். 1965இல் அது சரணாலயமாயிற்று. 1968இல் 177 ஆக இருந்த சிங்கங்கள் 2025இல் 891 ஆயின.

கிர்க் காட்டுக்குத் தெற்கே, சோமநாதபுரத்தை அடுத்துள்ளது வேராவல் துறைமுகம். மீன்களுள் மிகப் பெரியதான திமிங்கலச் சுறா 40 அடிக்கு மேலும் வளரும்; எனினும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் உண்ணும் சாது. அதன் ஈரல் எண்ணெயை மீனவர் படகுகளுக்குப் பூசிவந்தனர். 1990களில் இறைச்சி அயல்நாடு செல்லவே வேட்டை மிகுந்தது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றது.

காட்டில் மன்னன் ஆணை செல்லும். நடுக்கடலில் காவல் யார்? 2004இல் தொடங்கிய இயக்கத்தில், இராம கதை சொல்லும் முராரி பாபு அச்சுறாவைப் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டார். அன்று முதல் மீனவர் தம் வலையைத் தாமே அறுத்து அதனை விடுவிக்கின்றனர். அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு தருகிறது.

ஆயினும் அபாயம் நீங்கவில்லை. சிங்கத்துக்கு ஓரிடத்தில் குவிந்திருப்பதே கேடு. 2018இல் சில வாரங்களில் இருபதுக்கு மேற்பட்டவை மடிந்தன; சிலவற்றில் டிஸ்டெம்பர் கிருமி காணப்பட்டது. மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்குச் சிங்கங்களை அனுப்புமாறு உச்சநீதிமன்றம் 2013இல் ஆணையிட்டும் அவை செல்லவில்லை. 2022இல் அங்கு வந்தவை ஆப்பிரிக்கச் சிவிங்கிகளே. சுறாவின் கேடு இதற்கு நேர்மாறு. அது நம் சட்டம் எட்டாத கடல்களிலும் திரிகிறது; இனம் பெருக்கும் பருவம் அடையவும் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே, சுறாவுக்கு வேண்டுவது கடல்தோறும் காவல். சிங்கத்துக்கு வேண்டுவது இரண்டாவது வீடு. நேயர்களே, பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மண்ணில் வேரூன்றிய நமக்கு இரண்டாவது வீட்டின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.