சமாதானத்தின் இராக்கினி

செபமாலை முடிவில் தேவமாதா பிரார்த்தனை சொல்லும்போது சமாதானத்தின் இராக்கினியை நோக்கி மன்றாடுகிறோம். இம்மன்றாட்டு போர்க்காலக் கண்ணீரில் பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திரார்.

முதல் உலகப் போர் மூண்ட சில வாரங்களில், 1914 செப்டம்பர் 3-ஆம் நாள், 15-ஆம் ஆசீர்வாதப்பர் பாப்பரசராகத் தெரிவு செய்யப்பட்டார். இரு தரப்பிலும் கத்தோலிக்கர் இருந்தனர். தத்தம் வெற்றிக்காகச் செபித்தனர். கிறிஸ்து பிறப்பு நாளிலேனும் பீரங்கிகள் ஓயட்டும் என்று அவர் கேட்டார். அரசுகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை. 1917 மே 5-ஆம் நாள் எழுதிய கடிதத்தில், இம்மன்றாட்டைப் பிரார்த்தனையில் நிலையாகச் சேர்க்கப் பணித்தார். ஆகஸ்டு 1-ஆம் நாள் அரசுகளுக்குச் சமாதான யோசனைகளை அனுப்பினார். அவையும் ஏற்கப்படவில்லை. 1918 நவம்பர் 11-இல்தான் போர் ஓய்ந்தது.

செபம் வீணாயிற்றா? செபித்தவர் சும்மா இருக்கவில்லையே! போர்க்கைதிகளைப் பற்றி விசாரித்துக் குடும்பங்களுக்குச் செய்தி சேர்க்க வத்திக்கானில் ஏற்பாடு செய்தார். 1919-இல், மத்திய ஐரோப்பாவில் பசியால் வாடிய குழந்தைகளுக்காக, டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாளில், உலகெங்கும் காணிக்கை திரட்டச் சொன்னார். தோற்ற நாட்டுப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

அன்பார்ந்த பங்கு மக்களே! போர்கள் இன்றும் ஓயவில்லை. அம்மன்றாட்டைச் சொல்லும்போது, இரு தரப்புத் தாய்மாரையும் நினைப்போம். பிறகு, நம் வீட்டு உண்டியலில் அவர்கள் பிள்ளைகளுக்கென ஒரு பங்கையும் எடுத்து வைப்போம்.