சுங்கை நிப்பா



நம் நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில், புக்கிட் பெலாண்டோக் என்றொரு வட்டாரம். தோட்டங்களுக்கு அருகே பன்றிப் பண்ணைகள் நிறைந்திருந்த இடம். அங்குள்ள சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரைத்தான் இன்று உலகம் ஒரு கொடிய கிருமிக்குச் சூட்டியிருக்கிறது.

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பண்ணைகளில் சிலருக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த நோய் அது. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. நோயுற்ற பன்றிகள் லாரியேறித் தெற்கே விற்பனைக்கு வந்தன. கூடவே நோயும் சிக்காமட்டுக்கும் புக்கிட் பெலாண்டோக்குக்கும் வந்து சேர்ந்தது.

இது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் முடிவு செய்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பெரும்பாலும் பன்றிகளோடு வேலை செய்த ஆண்களே விழுந்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவாக விழவில்லை. கொசுவுக்கு ஆள் பார்த்துக் கடிக்கத் தெரியுமா? பன்றிகளோ பலத்த இருமலோடு மடிந்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்தார். ஜப்பானியக் காய்ச்சல் கிருமியைப் போல அது இல்லை. அதை அமெரிக்காவுக்கே எடுத்துச் சென்று சோதித்தார்; புதிய கிருமி என்பது உறுதியாயிற்று. பிறகு இராணுவம் இறங்கியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நம் நாட்டில் நோயுற்றவர் 265 பேர். இறந்தவர் 105 பேர்.

இத்தனை கொடுமை ஏன்? அதற்கு நம் உடலின் காவலைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமியின் புரதமோ மரபுப் பொருளோ தட்டுப்பட்டதும் இரத்தத்து வெள்ளையணுக்களும் மற்ற அணுக்களும் இன்டர்பெரான் என்ற பொருளைச் சுரக்கின்றன. 1957இல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது இது. அக்காலத் தோட்டத்தில், லயத்தில் காய்ச்சல் கண்டால் டிரெஸர் ஒரு பையனிடம் சீட்டுக் கொடுத்து ஆபீசுக்கு அனுப்புவாரல்லவா? அதுபோல இன்டர்பெரான் அடுத்த அணுவின் வாசலைத் தட்டும். உள்ளே ஸ்டாட் என்னும் தூதுப் புரதங்கள் அந்தச் செய்தியை அணுவின் உட்கருவுக்குக் கொண்டு போகும். அங்கிருந்துதான் எதிர்ப்புக்கு உத்தரவு பிறக்கும்.

நிப்பாக் கிருமி செய்வது என்ன? 2002இல் வெளிவந்த ஆய்வு அதைக் காட்டியது. கிருமியின் வி புரதம் அந்தத் தூதர்களை வழியிலேயே கட்டிப் பிடித்துக்கொள்கிறது. சீட்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்வதில்லை. அது மட்டுமா? வெள்ளையணுக்களின் மேலே ஒட்டிக்கொண்டு, அவற்றுக்குள் பெருகாமலே, வேறிடத்து அணுக்களுக்குச் சவாரி செய்வதையும் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். காவற்காரன் தோளிலேயே திருடன்!

பிழைத்தவர் சிலருக்கும் மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளைக் காய்ச்சல் திரும்பியதுண்டு. ஒளிந்திருக்கத் தெரிந்த கிருமி அது.

பிற்பாடு வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது. 2018 மே மாதம் கேரளத்துக் கோழிக்கோடு வட்டாரத்தில் ஒரே குடும்பத்தில் இரண்டாமவர் நோயுற்றபோதே மருத்துவர்கள் நிப்பாவாக இருக்குமோ என்று கேட்டார்கள். சில நாட்களுக்குள் புனே ஆய்வுக்கூடம் ஆமென்றது. நம் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க அன்று கிருமிக்கு ஒரு பெயர்கூட இல்லை.