கோயிலுக்கு நிலமுண்டு, மொழிக்கு?

மலாக்கா நகரில், ஜாலான் துக்காங் எமாஸ் வீதியிலே, பொய்யாத விநாயகர் ஆலயம் நிற்கின்றது. 1781-ஆம் ஆண்டு டச்சுக்காரர் ஆட்சியில், மலாக்காச் செட்டிகளின் தலைவராயிருந்த தெய்வநாயகம் செட்டி அவர்களுக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் எழுந்தது அவ்வாலயம். ஆட்சிகள் மாறின, டச்சுக்காரரும் போயினர், ஆங்கிலேயரும் போயினர். ஆலயத்தில் மட்டும் விளக்கு அணையவில்லை.

ஆனால் அந்நிலத்தைப் பெற்ற சமூகத்தாரின் வீட்டு மொழி எங்கே? பாச்சாங்கிற்கு அணித்தேயுள்ள காஜா பேராங் கிராமத்தில் வாழும் செட்டிமார், சுல்தான்கள் காலத்திலேயே வாணிபத்தின் பொருட்டு வந்து குடியேறிய தமிழரின் வழியினர். சைவ சமயத்தை விட்டாரில்லை. போகிப் பண்டிகையையும் மாரியம்மன் விழாவையும் மறந்தாரில்லை. எனினும் அவர்கள் இல்லங்களில் வழங்குவது மலாய் கலந்த மொழி. இதற்காக அவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. உள்நாட்டுப் பெண்களை மணந்து, தாய்நாட்டுத் தொடர்பு அற்று, சில நூற்றாண்டுகள் வாழ்ந்த எச்சமூகத்திற்கும் நேரக்கூடியதே இது. நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு: கோயிலைக் காக்க நிலமிருந்தது, மொழியைக் காக்க அத்தகைய முதல் ஒன்றும் இருக்கவில்லை.

வடதுருவத்தை அடுத்த அலாஸ்காவில் இனுப்பியாக் மக்களின் கதை வேறு வகைத்து. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அங்கே தண்டிக்கப்பட்டார்கள். அங்கு பிரம்பினால் நேர்ந்தது, இங்கு கவனக்குறைவினால் நேர்ந்தது. முடிவு ஏறத்தாழ ஒன்றே.

நிற்க. தோட்டத் தமிழராகிய நம் நிலையென்ன? 1923-ஆம் ஆண்டின் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்தல் வேண்டுமென விதித்தது. ஆகவே தோட்டத்தைச் சார்ந்தே பள்ளி பிறந்தது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்து ஆட்கள் குறைந்தபோது, பள்ளியின் காலடி மண்ணும் நழுவிற்று. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கு மேற்படா. பிறர் நிலத்தில் நட்ட மரம், நிலத்துக்குரியவன் மனம் மாறினால் என்னாகும் என்பதைத் தோட்டத்துக் கணக்கேட்டோடு பழகியவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

நம்மால் இயலாதோ எனின், இயன்றிருக்கிறது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கப்படவிருந்த காலை, அதில் முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பட்டணத்து வணிகர் பணத்தோடு, பால் மரம் வெட்டிய பாட்டாளியின் வெள்ளியும் அதில் சேர்ந்தது. 1956-இல் துறை தொடங்கிற்று. நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறைந்தன. பின்னர்த் தனிநாயகம் அடிகளார் தலைமையேற்ற அத்துறை இருந்த கோலாலம்பூரிலேதான், 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடிற்று. கல்லூரி வாசலை மிதித்தறியாதவர் கொடுத்த காசு, கல்லூரியில் தமிழை அமர்த்தியது!

ஆதலால் அன்பர்களே, நம் வீடுகளில் ஒருவர் காலமானால் கருமாதிக்கும் விருந்துக்கும் கடன்பட்டுச் செலவு செய்கிறோம். பதினாறாம் நாளோடு அப்பணம் மறைகிறது. அதில் ஒரு பங்கை, மறைந்தவர் பெயரால் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்குக் கட்டளையாக எழுதிவைத்தால் என்ன? தனித்தனியே சிறு தொகையாயின், பத்துக் குடும்பம் கூடி ஒன்றாக்கலாம். முதலைத் தொடாது வட்டியை மட்டும் புத்தகத்திற்கும் பிள்ளைகளின் வண்டிச் செலவிற்கும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் கணக்கை ஊரார்முன் வாசித்தல் வேண்டும். கணக்கில்லாத தர்மம் நெடுநாள் நில்லாது.

முன்னோர் விநாயகருக்கு நிலம் தேடிவைத்தனர். அவர் இன்றும் வீதியில் வீற்றிருக்கிறார். அவர் சந்நிதியில் நம் பேரப்பிள்ளைகள் எம்மொழியில் வேண்டுவர் என்பது, நாம் இன்று தேடிவைக்கும் முதலைப் பொறுத்தது.