பேரன் பேக்கேஜின் முகவரி யாருக்குத் தெரியும்?

இன்னைக்குக் கதை ஒரு எரர் மெசேஜ்ல தொடங்குது.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனி. எங்க ஆப்புக்குள்ள பில்லிங்னு ஒரு பிரைவேட் பேக்கேஜ், அந்த பில்லிங்குக்குள்ள லாகின்னு இன்னொரு பிரைவேட் பேக்கேஜ். ரெண்டுமே எங்க சொந்த கிட் சர்வர்ல இருந்துச்சு. பில்லிங்கைத் தனியா இன்ஸ்டால் பண்ணா அழகா ஓடும். அதையே ஆப்போட சேர்த்தா, லாகின்னு ஒரு பேக்கேஜே இல்லையே, பேரைத் தப்பா அடிச்சிட்டீங்களான்னு கம்போசர் கேக்கும். ரிலீஸ் அன்னைக்கு, ராத்திரி 11 மணிக்கு! லாகின் எங்க இருக்குன்னு பில்லிங்கோட கம்போசர்.ஜேசன் ஃபைல்லயே தெளிவா எழுதியிருக்கு. கண்ணு முன்னாடி இருக்கிறதை இது ஏன் படிக்க மாட்டேங்குது?

பக்-னு நினைச்சேன். பக் இல்ல, வேணும்னே எடுத்த முடிவு. அது ஏன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

பி.எச்.பி. உலகத்தின் முதல் பெரிய பேக்கேஜ் களஞ்சியம் பியர். 1999இல் ஸ்டிக் பாக்கன் தொடங்கியது. பியரில் ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்தால் அது வழக்கமாக முழு மெஷினுக்கும் பொது. ஒரே சர்வரில் ஒரு ப்ராஜெக்டுக்குப் பழைய வெர்ஷன், இன்னொன்றுக்குப் புதுசு என்றால் அவ்வளவுதான், சண்டை. பிறகு 2005இல் 'சேனல்' என்ற வசதி வந்தது. யார் வேண்டுமானாலும் தன் சொந்த சர்வரில் பேக்கேஜ்களை வைத்து விநியோகிக்கலாம். நம்ம பிரச்சினையோட தாத்தா இங்கதான் பிறக்கிறார்.

பி.எச்.பி.யூனிட் போட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் அதை இன்ஸ்டால் செய்ய முதலில் மூன்று சேனல்களை அறிமுகப்படுத்த வேண்டும்: அதன் சொந்த சேனல், ஈஸி கம்போனன்ட்ஸ் சேனல், சிம்ஃபொனி சேனல். நமக்கு வேண்டியது ஒன்று, ஆனால் அது சார்ந்திருப்பவற்றின் முகவரியையும் நாமே சொல்ல வேண்டும். தானாகவே சேனலைத் தேடிக்கொள் என்று ஒரு செட்டிங் இருந்தது, ஆனால் சாதாரணமாக ஆஃப்பில்தான் இருக்கும்.

2012 மார்ச்சில் நில்ஸ் ஆடர்மானும் ஜோர்டி போஜியானோவும் கம்போசரை வெளியிட்டார்கள். பேக்கேஜ்கள் மெஷினுக்கு இல்லை, ப்ராஜெக்டுக்கு. பொது பேக்கேஜ்களுக்கு பேக்கேஜிஸ்ட் என்ற ஒரே இடம். எந்த வெர்ஷன் எதோடு ஒத்துப்போகும் என்று கணக்குப் போட, ஓப்பன்சூசே லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜரில் இருந்த சால்வரை ஆடர்மான் பி.எச்.பி.க்குக் கொண்டுவந்தார்.

விஷயமே இந்த சால்வர்லதான் இருக்கு. எந்தெந்த பேக்கேஜ், எந்தெந்த வெர்ஷன் கிடைக்கும்னு அதுக்கு முதல்லயே தெரியணும். பில்லிங் 1.2 ஒரு ரெப்போவைக் காட்டுது, 1.3 வேற ரெப்போவைக் காட்டுதுன்னு வைங்க. எந்த வெர்ஷனை எடுக்கப் போறோம்ங்கிறதைப் பொறுத்து, கிடைக்கிற பேக்கேஜ் பட்டியலே மாறும். கூடவே ஒவ்வொரு கிட் ரெப்போவையும் இழுத்து, ஒவ்வொரு டேகையும் பிராஞ்சையும் படிக்கணும். அதனால ரெப்போ முகவரிகளை ரூட் ப்ராஜெக்ட் மட்டும்தான் சொல்லலாம்னு விதி. பில்லிங்கைத் தனியா ஓட்டினப்போ அதுவே ரூட், அதனால வேலை செஞ்சுது. ஆப்புக்குள்ள போனதும் அது வெறும் சார்பு. அதோட ரெப்போ பட்டியலுக்கு மதிப்பில்ல.

அன்னைக்கு ராத்திரி லாகினோட முகவரியை ஆப்போட ஃபைல்ல ஒட்டிட்டுத் தூங்கப் போயிட்டேன். அடுத்த பேக்கேஜ் வந்தப்போ இன்னொரு முகவரி. ஆறு மாசத்துல எல்லா ஆப்லயும் அதே நீளமான பட்டியல், ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒண்ணு விட்டுப்போயிருக்கும்.

என்னைப் பயமுறுத்தினது வேற. 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரிய கம்பெனிகளின் பிரைவேட் பேக்கேஜ் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயரில் என்பிஎம், பைபிஐ, ரூபிஜெம்ஸ் ஆகிய பொது களஞ்சியங்களில் தன் பேக்கேஜைப் போட்டார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளே அவருடைய கோட் ஓடியது. கம்போசர் அந்தப் பட்டியலில் இல்லை. 2020 அக்டோபரில் வந்த 2.0விலேயே, ஒரு பேக்கேஜ் முதல் ரெப்போவில் கிடைத்துவிட்டால் அடுத்ததில் தேடாது என்று ஆக்கிவிட்டார்கள். பட்டியலில் நம் ரெப்போவுக்குப் பிறகுதான் பேக்கேஜிஸ்ட்.

ஆனா என் கேஸை யோசிங்க. லாகினோட ரெப்போவை நான் ஆப்ல எழுதவே இல்ல. கம்போசர் தேடினது பேக்கேஜிஸ்ட்ல மட்டும். எங்க பேர்ல அங்க யாராவது ஒரு பேக்கேஜ் போட்டிருந்தா எரரே வந்திருக்காது. இன்ஸ்டால் ஆகியிருக்கும். அதுவும் ரிலீஸ் சர்வர்ல.

பேக்கேஜிஸ்டில் ஒரு வெண்டார் பெயரில் முதலில் யார் பேக்கேஜ் போடுகிறார்களோ, அந்தப் பெயரில் அதன்பின் வெளியாள் புதுசாக எதுவும் போட முடியாது. அந்தக் கட்டுரையைப் படித்த வாரமே காலியாக ஒரு பேக்கேஜைப் போட்டு எங்கள் பெயரைப் பிடித்துவைத்தோம். பிறகு சாட்டிஸ். கம்போசர் குழுவே கொடுக்கும் சின்ன டூல். எல்லா பிரைவேட் ரெப்போக்களையும் படித்து, ஒரே முகவரியில் பட்டியலாக்கித் தரும். ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு வரி போதும். அதே வரியை பில்லிங்கிலும் வைத்தோம், அதைத் தனியாக டெஸ்ட் ஓட்டும்போது அதுவும் ஒரு ரூட்தானே.