பவளத் தொட்டி

பவளத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றோடு இணைந்து வாழும் மீன், நத்தை, இறால், நுண்ணுயிர் முதலியவற்றையும் செயற்கைக் கடல் நீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். நன்னீர் மீன் தொட்டியில் மீனே முதன்மையானது. பவளத் தொட்டியில் பவளமே முதன்மையானது. நீரின் வேதியியல், ஒளி, நீரோட்டம் ஆகியவை அதற்கேற்ப அமைக்கப்படுகின்றன. இந்தியாவில் கற்பவளங்கள் அனைத்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எனவே இப்பொழுதுபோக்கு இந்நாட்டில் பல கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது.

உயிரியல் பின்னணி

பவளம் தாவரமோ பாறையோ அன்று. அது கடற்சாமந்தி, இழுதுமீன் ஆகியவற்றின் உறவான ஒரு விலங்கு. மில்லிமீட்டர் அளவுள்ள பாலிப்புகள் பல சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக வாழ்கின்றன. கற்பவளங்கள் கடல் நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு சுண்ணாம்புக் கூட்டை உருவாக்குகின்றன. மென்பவளங்களில் இத்தகைய திண்மையான கூடு இல்லை.

பாலிப்பின் உயிரணுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றை உயிரணுப் பாசிகள் வாழ்கின்றன. இவை ஒளிச்சேர்க்கை மூலம் உண்டாக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் ஊட்டப்பொருளும் தருகிறது. நீர் வெப்பநிலை வழக்கமான கோடை உச்சத்தை விட 1 °செ. அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால் இவ்வுறவு முறிந்து, பாசிகள் வெளியேறுகின்றன. வெண்ணிறக் கூடு தெரியும் இந்நிலை பவள வெளிறல் எனப்படுகிறது.

நிறங்களின் தோற்றம்

பாசிகளின் நிறம் பழுப்பு. தொட்டிகளில் காணப்படும் பச்சை, சிவப்பு, ஊதா நிறங்கள் பவளம் தானே உருவாக்கும் புரதங்களால் ஏற்படுபவை. இவற்றுள் ஒரு வகை, நீல ஒளியை உட்கொண்டு பச்சை அல்லது சிவப்பு ஒளியாக வெளிவிடும் உடனொளிர்வுப் புரதங்கள். மற்றொரு வகை, ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சி ஊதா அல்லது நீலமாகத் தோன்றும் நிறப் புரதங்கள். பச்சை உடனொளிர்வுப் புரதம் முதலில் ஓர் இழுதுமீனிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது தொடர்பான பணிக்காக ஒசாமு சிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோச்சர் சியென் ஆகியோர் 2008 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

பளிச்சிடும் நிறம் எப்போதும் நலத்தின் அறிகுறி அன்று. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாசியை இழந்த சில பவளங்கள் வெண்மையாகாமல் அடர்ந்த நிறங்களைப் பெறுவதைப் பற்றி 2020 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். திசுவுக்குள் கூடுதலாகப் பாயும் ஒளி இப்புரதங்களின் உற்பத்தியைத் தூண்டுகிறது என அவ்வாய்வு விளக்கியது.

வரலாறு

1961 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளங்களைத் தொட்டியில் வளர்க்கும் முறையை ஓர் இதழில் விவரித்தார். பின்னர் செருமனியில் உருவான பெர்லின் முறையில், உயிர்ப்பாறையுடன் நுரைபிரிப்பானும் வலிமையான விளக்குகளும் சேர்க்கப்பட்டன. 2000-களுக்குப் பின் எல்.இ.டி. விளக்குகள் பரவின.

இலண்டன் ஆர்னிமன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குழுவினர், நிலவின் பிறைகளையும் பருவ வெப்பநிலையையும் தொட்டியில் போலச்செய்து பவளங்களை இனப்பெருக்கம் செய்யத் தூண்டிய முறையை 2017 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொழுதுபோக்காளர்கள் பயன்படுத்தும் கருவிகள் பாதுகாப்பு ஆய்வுக்கும் பயன்படும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

நீரின் தரம்

பவளத் தொட்டிகளில் பொதுவாகப் பேணப்படும் அளவுகள் வருமாறு:

* உப்புத்தன்மை: ஆயிரத்தில் 35 பங்கு
* வெப்பநிலை: 24 - 27 °செ.
* கால்சியம்: லிட்டருக்கு 400 - 450 மி.கி.
* மக்னீசியம்: லிட்டருக்கு 1250 - 1350 மி.கி.
* காரத்தன்மை: 7 - 11 செருமானியப் பாகை
* நைட்ரேட்: லிட்டருக்கு 10 மி.கி.-க்குக் கீழ்
* பாசுபேட்டு: லிட்டருக்கு 0.1 மி.கி.-க்குக் கீழ்

இறுதி இரண்டும் முற்றிலும் இல்லாமற் போவதும் நன்றன்று. பாசுபேட்டுப் பற்றாக்குறை பவளங்களை எளிதில் வெளிறச் செய்யக்கூடும். புதிய தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதற்கு முன் உயிரினங்களை விடுவது அவற்றின் இறப்புக்கு வழிவகுக்கும்.

பவளம் வளரும்போது நீரிலுள்ள கால்சியமும் காரத்தன்மையும் குறைகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே ஈடுசெய்ய, சுண்ணாம்புத் தெளிநீரைத் துளித்துளியாகச் சேர்ப்பது ஒரு பழைய முறை. ஒரே நேரத்தில் மிகுதியாகச் சேர்த்தால் நீரின் கார அமில மதிப்பு திடீரென உயர்ந்து உயிரினங்கள் பாதிக்கப்படும்.

உள்நாட்டு நகரில் பேணுதல்: திண்டுக்கல்

திண்டுக்கல் கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இத்தகைய ஊரில் கடல் நீரைச் சுமந்து வருவதை விட, தூய நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் உப்பு தேவைப்படும். சமையல் உப்பு இதற்குப் பயன்படாது. அதில் பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே உள்ளது. பவளத்துக்குத் தேவையான கால்சியம், மக்னீசியம் முதலியவை போதிய அளவில் இல்லை.

கரைக்கும் நீரின் தூய்மை முதன்மையானது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் கழிவுகளால் நிலத்தடி நீரில் உப்புகளும் குரோமியமும் கலந்துள்ளமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையும் மிகுதி. குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆகவே எந்த நீராயினும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, பின்னர் அயனி நீக்கம் செய்தே பயன்படுத்த வேண்டும். செம்பு மிகச் சிறிய அளவிலும் முதுகெலும்பற்ற உயிரினங்களுக்கு நஞ்சாகும். எனவே செம்புக் குழாய்களையும் செம்பு கலந்த மீன் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பநிலை 35 °செ.-ஐத் தாண்டுவது வழக்கம். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியை இயக்கினால் ஆவியாதல் மூலம் நீர் சில பாகை குளிரும். போதாதவிடத்துக் குளிர்விப்பான் தேவை. ஆவியாகும்போது நீர் மட்டுமே வெளியேறும், உப்பு தங்கிவிடும். எடுத்துக்காட்டாக, 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியானால், ஐந்து நாட்களில் உப்புத்தன்மை 35-லிருந்து ஏறத்தாழ 39-ஆக உயரும். இழப்பை ஈடுசெய்யத் தூய நீரையே ஊற்ற வேண்டும், உப்பு நீரை ஊற்றக் கூடாது. மின்தடையின்போது நீரோட்டம் நின்று ஆக்சிசன் குறையும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது நலம்.

ஒளிப்படம் எடுத்தல்

பவளத் தொட்டி விளக்குகள் பெரும்பாலும் நீல ஒளியைத் தருகின்றன. ஒளிப்படக் கருவியின் தானியங்கி வெண்சமநிலை இவ்வொளிக்கு ஏற்றதன்று. படம் முழுதும் நீலமாகப் பதிவாகும். இதனைத் தவிர்க்கப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன:

* வில்லையின் முன் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வடிகட்டியைப் பொருத்துதல். இது எதிரொளிக்கும் நீலத்தைத் தடுத்து, பவளத்தின் உடனொளிர்வை மட்டும் அனுமதிக்கும்.
* படங்களைச் சுருக்கப்படாத மூல வடிவில் பதிந்து, வெண்சமநிலையைப் பின்னர் திருத்துதல்.
* வில்லையைக் கண்ணாடிக்குச் செங்குத்தாக வைத்தல். சாய்வாகப் பார்த்தால் ஒளிமுறிவினால் விளிம்புகள் மங்கும்.
* படம் எடுக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் நீரோட்ட எக்கிகளை நிறுத்துதல், முக்காலியைப் பயன்படுத்துதல்.
* அறை விளக்குகளை அணைத்தல், கண்ணாடியின் இருபுறமும் பாசியைத் துடைத்தல்.

நீல ஒளியில் எடுத்து நிறச்செறிவைக் கூட்டிய படங்கள், பகலொளியில் பவளம் தோன்றும் விதத்தைக் காட்டுவதில்லை. ஒரே ஒளியில், ஒரே தொலைவிலிருந்து, ஒரு நிற அளவுகோலை அருகில் வைத்து மாதந்தோறும் எடுக்கப்படும் படங்கள் வளர்ச்சியையும் வெளிறலையும் அறிய உதவும். ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட கோரல்வாட்ச் திட்டத்தின் நிற அட்டை இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

சட்ட நிலை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் 2001 ஆம் ஆண்டில் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளங்கள், தீப்பவளம், குழல் பவளம், கடல் விசிறிகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. இவற்றைச் சேகரித்தல், விற்றல், வாங்குதல் ஆகியவை குற்றமாகும். கரையில் ஒதுங்கிய இறந்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படும்.

கற்பவளங்கள் அழியும் இனங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் உள்ளன. எனவே வெளிநாட்டில் தொட்டியில் வளர்ந்தவை எனக் கூறப்படும் துண்டுகளும் உரிய அனுமதியின்றி நாடு கடக்க முடியாது. சோவாந்தசு, காளான் பவளம் என வழங்கும் உயிரிகள் கற்பவள வரிசையைச் சேர்ந்தவை அல்ல. பொழுதுபோக்குத் தொட்டிகளில் இவை பரவலாகக் காணப்படுகின்றன. பாலித்தோவா போன்ற சோவாந்திடு இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. அவற்றைக் கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடுவதும், அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைப்பதும் உயிருக்கு ஆபத்தானவை.

மன்னார் வளைகுடாவும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டின் முதன்மையான பவளப்பாறைகள் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி அமைந்துள்ளன. இவற்றுள் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. இப்பகுதி 1986 ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கு 117 கற்பவள இனங்கள் பதிவாகியுள்ளன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளங்கள் வெட்டியெடுக்கப்பட்டன. 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் வெளிறல் ஏற்பட்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனம், பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டுப் பாறைகளை மீட்கும் பணியைச் செய்துவருகிறது.

தொட்டி உயிரினங்களை ஆற்றிலோ கடலிலோ விடக் கூடாது. கப்பாபைக்கசு என்னும் வளர்ப்புப் பாசி குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மீது படர்ந்தமை 2008 ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் மொனாக்கோவின் கடலில் முதன்முதலாகக் காணப்பட்ட காலர்ப்பா பாசி, மீன் காட்சியகத்திலிருந்து வெளியேறி நடுநிலக் கடலில் பரவியதாகும்.

இவற்றையும் பார்க்க

* பவளப் பாறை
* மன்னார் வளைகுடா
* உடனொளிர்வு
* குருசடைத் தீவு